துலாவும் திருப்பமும்

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவோ இலக்கணம் பற்றியதாகவோ இருக்குமென்றே வாசகர் எதிர்பார்ப்பர். யாம் எடுத்துக்கொண்டதோ பௌதிகத்தில் ஒரு பாடம். அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியப் பயிற்சியிலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று வெளியேறிய எமக்கு 2005 ஆம் ஆண்டிற் கிடைத்த முதல் நியமனம், விஞ்ஞான ஆசிரியர் எவருமில்லாத ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்காகும். தமிழ் கற்பிக்கச் சென்ற யாம் தரம் 10, தரம் 11 மாணவருக்கு விஞ்ஞானமும் கற்பிக்கவேண்டியதாயிற்று. இரவிலே படித்துக் காலையிலே கற்பித்தோம். அங்ஙனம் கற்பித்தவற்றுள் ஒன்றைப் பிழையாகக் கற்பித்தோம். அப்பிழையின் தன்மை விசித்திரமானது. அதனைக் கைக்கொண்ட மாணவர் தாம் செய்த கணக்குகளுட் பெரும்பாலானவற்றுக்குச் சரியான விடையையே பெற்றனர். ஆதலின் அது நெடுநாள் வெளிப்படாது கிடந்தது. இன்று எமது கல்லூரியிற் பயிலும் மாணவருக்கும், ஆசிரியராய் அமர்ந்திருக்கும் பழைய மாணவருக்கும் அது பயன்படலாமென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

பாடத்தை முதலிலே சொல்லிவிடுவோம். நிலையான ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பக்கூடியவாறு அமைந்த பொருள்கள் பல. கதவு தன் பிணைச்சலைச் சுற்றித் திரும்புகிறது. பாக்குவெட்டி தன் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. பெருங்கல்லொன்றை அலவாங்கினாற் புரட்டும்போது, அடியில் வைத்த சிறு கல்லைச் சுற்றி அலவாங்கு திரும்புகிறது. அவ்வாறு திரும்புதற்கு இடமாய் நிற்கும் புள்ளியைப் பொறுதி என்பர். பொறுதியினின்றும் விலகிய ஓரிடத்திலே விசையொன்று தாக்குமாயின் பொருள் திரும்ப முயலும். அம்முயற்சி விசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. படலையைத் திறப்பவர் அதன் வெளி விளிம்பிலே கைவைத்துத் தள்ளுவரேயன்றிப் பிணைச்சலுக்கு அருகிலே தள்ளுவதில்லை. அருகிலே தள்ளிப் பார்த்த சிறுவனுக்கு அதன் காரணத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுமில்லை. ஆகவே விசையையும், பொறுதியிலிருந்து அவ்விசையின் தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்க வருவதே அவ்விசையின் திருப்பம் என வரையறுத்தனர். விசை நியூற்றனிலும் தூரம் மீற்றரிலும் இருப்பின் திருப்பம் நியூற்றன் மீற்றரில் அமையும். வேலையைக் கணிக்கும்போதும் நியூற்றனை மீற்றராற் பெருக்குகின்றோம். ஆயின் அங்கே தூரம் விசையின் வழியே செல்வது, இங்கே விசைக்குக் குறுக்கே நிற்பது. ஆகையால் திருப்பத்தின் அலகை யூல் என்று எழுதலாகாது.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்புக் கூறாது செல்லத் தமிழாசிரியருக்கு மனம் வராது. ஆங்கிலத்தில் இதனை மோமன்ற் என்பர். அஃது இயக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. தராசுத் தட்டைச் சாய்த்துவிடப் போதுமான சிறு துணுக்கையும் அச்சொல் குறித்ததுண்டு. அதுவே கணப்பொழுதையும் குறிக்கலாயிற்று. எமது "திருப்பம்" என்னுஞ் சொல்லோ நிகழும் செயலையே பெயராகக் கொண்டு நிற்கிறது. தமிழகத்துப் பாடநூல்கள் "திருப்புத்திறன்" என வழங்கும். இலங்கையிலே "திறன்" என்பது பொறிகளின் வினைத்திறனுக்கு வழங்கிவருதலால் "திருப்பம்" என்பதே மயக்கமற்றது என்பது எமது கருத்து.

இனிச் சமநிலை. பொறுதியைச் சுற்றி வலஞ்சுழியாகத் திருப்ப முயலும் திருப்பங்களின் கூட்டுத்தொகை, இடஞ்சுழியாகத் திருப்ப முயல்வனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாயின் பொருள் திரும்பாது நிற்கும். இதனைக் காட்டுதற்கு வகுப்பறையிலே மீற்றர்க்கோலைக் காட்டிலும் எளிய கருவி இல்லை. கோலை 50 சதமமீற்றர்க் குறியிலே நூலாற் கட்டித் தொங்கவிடுக. 20 ஆம் குறியிலே 100 கிராம் திணிவைத் தொங்கவிட்டால் அது நடுவிலிருந்து 30 சதமமீற்றர் தூரத்திலுள்ளது. மறுபுறத்தில் 150 கிராம் திணிவை 70 ஆம் குறியிலே, அதாவது 20 சதமமீற்றர் தூரத்திலே தொங்கவிடுக. 100 ஐ 30 ஆற் பெருக்கினாலும் 150 ஐ 20 ஆற் பெருக்கினாலும் 3000 வரும். கோல் சமநிலையில் நிற்கும். இதனின்றும் ஒருபடி மேலே சென்று, தராசு இல்லாமலே கோலின் திணிவையும் காணலாம். நூலை 40 ஆம் குறிக்கு மாற்றுக. கோலின் நிறை அதன் நடுவாகிய 50 ஆம் குறியிலே தாக்குவதால் கோல் அப்பக்கம் சாயும். 200 கிராம் திணிவை மறுபுறம் நகர்த்திப் பார்க்க, 35 ஆம் குறியிலே சமநிலை கிட்டிற்றென வைத்துக்கொள்வோம். 200 ஐ 5 ஆற் பெருக்க 1000. கோலின் புவியீர்ப்பு மையம் நூலிலிருந்து 10 சதமமீற்றர் தூரத்திலிருத்தலால் கோலின் திணிவு 100 கிராம். கோல் தன்னைத் தானே நிறுத்துக் காட்டியது கண்டு எம் மாணவர் கைகொட்டியது இன்றும் நினைவிலுள்ளது.

இவ்விதியை முதலிலே நிறுவிக் காட்டியவர், சிசிலித் தீவின் சிரக்கூசு நகரில் வாழ்ந்து கி.மு. 212 இல் உயிர்நீத்த ஆக்கிமிடீசு என்னும் அறிஞர். சம தூரங்களிலுள்ள சம நிறைகள் சமநிலையில் நிற்கும் என்பதை மட்டும் எடுகோளாகக் கொண்டு அவர் எஞ்சியதைத் தருக்க வாயிலாக வருவித்தார். அவர் காட்டிய வழியை எளிய எண்களாற் காட்டலாம். பொறுதிக்கு இடப்புறம் 1 மீற்றர் தூரத்திலே 2 கிலோகிராம் உள்ளது. அதனை 1 கிலோகிராமாக இரண்டு கூறாக்கி, ஒன்றை 1 மீற்றர் வெளிப்புறமும் மற்றையதை 1 மீற்றர் உட்புறமும் நகர்த்துவோம். இரண்டும் எதிரெதிராய்ச் சம அளவு நகர்ந்தமையால் அவற்றின் பொதுநடு மாறவில்லை. திருப்பும் ஆற்றலும் மாறவில்லை. இப்பொழுது ஒரு கூறு பொறுதியின் மேலேயே வந்துவிட்டது. அஃது எப்பக்கமும் திருப்பாது. மற்றைய 1 கிலோகிராம் 2 மீற்றர் தூரத்தில் நிற்கிறது. அதனைச் சமன்செய்ய வலப்புறம் 2 மீற்றர் தூரத்திலே 1 கிலோகிராம் போதும். ஆகவே 1 மீற்றரிலுள்ள 2 கிலோகிராமும் 2 மீற்றரிலுள்ள 1 கிலோகிராமும் ஒன்றையொன்று சமன்செய்யும். கருவி ஒன்றும் வேண்டாது, சிந்தனையாலேயே பெற்ற விதி இது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இப்பாடத்தின் ஆய்வுகூடம் கிணற்றடி. இரண்டு ஆடுகால்களை நட்டு, அவற்றிடையே அச்சுலக்கை இட்டு, அதனைப் பொறுதியாகக் கொண்டு ஏறியிறங்குமாறு அமைத்த நெடுமரமே துலா. கிணற்றுப்பக்க நுனியிலே துலாக்கொடியும் கொடியின் கீழே பட்டையும் தொங்கும். பருத்த அடிப்புறத்திலே கல் கட்டப்பட்டிருக்கும். தமிழகத்தார் இதனை ஏற்றம் என்பர். 3000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியச் சுவரோவியங்களிலும் இதனையொத்த கருவியைக் காணலாம். தோட்டத்துக்கு இறைப்பதாயின் ஒருவரோ இருவரோ துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர்; கீழே ஒருவர் பட்டை பிடிப்பார். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் மிதிதுலாக்கள் மறைந்தன. யாம் பிறந்த காலத்தில் எமது அயலிலே வீட்டுக் கிணற்றுக் கைத்துலாக்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டு வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபின் இயந்திரங்கள் ஓய்ந்தன; வெங்காயம் வாடியது. 1991 இல் எம் பெரியப்பா, மாட்டுக்கொட்டிலின் பின்னே கிடந்த பழைய துலாமரத்தை எடுத்து மீண்டும் ஏற்றினார். அவர் மிதிக்க, எம் தமையனார் பட்டை பிடிக்க, பதினொரு வயதினராகிய யாம் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினோம்.

அந்தத் துலாவைக் கணக்கிலே வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொண்டவை. அச்சிலிருந்து நுனி 4 மீற்றர். பின்புறக் கல் 2 மீற்றரில். வெறும் பட்டையும் கொடியும் 2 கிலோகிராம். 18 இலீற்றர் நீர் நிறைந்தால் 20 கிலோகிராம். மரத்தின் சொந்த நிறையைக் கல்லின் கணக்கோடு சேர்த்துக்கொள்வோம். நிறைந்த பட்டையின் திருப்பம் 20 ஐ 4 ஆற் பெருக்க 80. வெறும் பட்டையினது 8. இவ்விரண்டுக்கும் நடுவே 44 உள்ளது. ஆகவே 2 மீற்றரில் 22 கிலோகிராம் கல் கட்டுகின்றோம். இப்பொழுது வெறும் பட்டையைக் கிணற்றுள் இறக்குதற்கு 36 அளவான திருப்பம் வேண்டும். நுனியிற் கொடியைப் பிடித்திழுப்பவனுக்கு இது 9 கிலோகிராம் நிறையாகும். நிறைந்த பட்டையை ஏற்றுதற்கும் அதே 36, அதே 9 கிலோகிராம் நிறை. கல் இல்லாவிடின் ஏற்றும்போது 20 கிலோகிராம் முழுவதையும் தூக்கவேண்டும். இறக்கும்போதோ கைக்கு வேலையே இல்லை. கல் செய்தது யாது? வேலையை அது குறைக்கவில்லை. 18 கிலோகிராம் நீரை மேலேற்றும் வேலை அப்படியே உள்ளது. அதனை இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குமாகச் சரிபாதியாகப் பங்கிட்டது. இறக்கும்போது கையின் வலிமையோடு உடலின் நிறையும் உதவுவதால் உழைப்பவனுக்கு அது பெரும் இலாபம். துலா "வேலையை மிச்சப்படுத்துகிறது" என்று எழுதும் மாணவருக்கு யாம் புள்ளி கொடுப்பதில்லை.

மிதிப்பவர் கணக்கு இதனினும் இனியது. பெரியப்பாவின் நிறை 50 கிலோகிராம் என்போம். 36 ஐ 50 ஆற் பிரிக்க 0.72. அவர் அச்சுக்குப் பின்னே 72 சதமமீற்றரில் நின்றால் நிறைந்த பட்டை அந்தரத்திலே சமநிலையில் நிற்கும். மேலும் ஓரடி பின்வைக்க அது மேலெழும். அச்சுக்கு முன்னே 72 சதமமீற்றரில் நின்றால் வெறும் பட்டை சமநிலையில் நிற்கும்; மேலும் ஓரடி முன்வைக்க அது கிணற்றுள் இறங்கும். நிறை ஒன்றே. மாறுவது அவர் நிற்குமிடம் மட்டுமே. அவ்விரண்டு மூன்று அடிகளுக்குள்ளே முழுத் தோட்டமும் நனைந்தது.

அந்நாளிற் பெரியப்பா எம் தமையனாரை அடிக்கடி ஏசுவார்: "டேய், கொடியை உன்ரை பக்கம் இழுக்காதை, நேரை விடு!" பட்டை மேலே வரும்போது அதனை விரைவிற் கவிழ்த்துவிட எண்ணித் தமையனார் கொடியைத் தம்பக்கம் சரித்து இழுப்பார். அப்பொழுதெல்லாம் துலாவின்மேல் நிற்பவருக்கு அது திடீரெனக் கனக்குமாம். ஏனென்று அவர் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழிந்து வகுப்பறையிலே நின்ற எமது பிழைக்கு வருவோம். வரைவிலக்கணத்தைப் புத்தகத்திலுள்ளபடியே கரும்பலகையில் எழுதினோம். "செங்குத்துத் தூரம்" என்றே எழுதினோம். ஆயின் அதனை விளக்கும்போது, "பொறுதியிலிருந்து விசை தாக்கும் இடம் வரைக்கும் கோலின் வழியே அளந்த தூரம்" என்று சொன்னோம். ஏன் அவ்வாறு சொன்னோம் என்பதைப் பின்னர் ஆராய்ந்தபோது, குற்றம் எமது பௌதிக அறிவில் மட்டுமன்று, தமிழறிவிலும் இருந்தமை புலனாயிற்று. பேச்சுவழக்கிலே செங்குத்து என்றால் மேலிருந்து கீழாக நிமிர்ந்து நிற்பது. செங்குத்தான பாறை என்கின்றோம். கலைச்சொல் வழக்கிலோ அப்பொருளுக்கு "நிலைக்குத்து" என்பதே சொல். "செங்குத்து" என்பது ஒன்றுக்கொன்று 90 பாகையில் அமைதலைக் குறிக்கும். யாம் வழக்குப் பொருளையே மனத்திற் கொண்டோம். கிடையாகக் கிடக்கும் மீற்றர்க்கோலிலே மேலிருந்து கீழாக அளக்கவேண்டிய தூரம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே அச்சொல் ஏதோ அலங்காரமாக நிற்கிறதென்று கருதி அதனைத் தாண்டிச் சென்றோம். செய்யுளில் ஓர் அடைமொழியை அங்ஙனம் தாண்டிச் செல்லும் மாணவனை யாம் மன்னித்திருக்கமாட்டோம்.

இரண்டாம் ஆண்டிலே, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பெடல் நேரை மேலை நிக்கேக்கை எவ்வளவு உழக்கினாலும் சைக்கிள் ஓடாது. சேர் சொன்ன தூரம் அப்பவும் அதேதானே?" என்று கேட்டான். நல்ல வினா. எம்மிடம் விடை இருக்கவில்லை. "அது பாடத்திட்டத்தில் இல்லை, இரு" என்றோம். அவன் இருந்தான்.

அன்று மாலை விடுதி முற்றத்திலே எமது துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து, மிதியை உச்சிக்குக் கொண்டுவந்து கையால் நேர்கீழாக அழுத்தினோம். வண்டி நடுங்கியதேயன்றிச் சில்லு திரும்பவில்லை. மிதியைச் சிறிது முன்னே சரித்து அழுத்த, மெல்லத் திரும்பிற்று. கிடையாக வைத்து அழுத்த, வேகமாய்ச் சுழன்றது. மிதியைத் தாங்கும் புயத்தின் நீளம் ஏறத்தாழ 17 சதமமீற்றர். அஃது எங்கும் மாறவில்லை. மாறியது வேறொன்று. விசையின் தாக்கக்கோட்டை நேர்கீழாக நீட்டி வரைந்து, பொறுதியாகிய அச்சிலிருந்து அக்கோட்டுக்கு 90 பாகையில் ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டின் நீளமே மாறியது. புயம் கிடையாக நிற்கும்போது அது 17 சதமமீற்றர். கிடையிலிருந்து 30 பாகை உயர்ந்து நிற்கும்போது 14.7. 60 பாகையில் 8.5. உச்சியிலோ தாக்கக்கோடு அச்சினூடாகவே செல்கின்றது, தூரம் பூச்சியம். காலினால் 400 நியூற்றன் விசையோடு மிதிப்பதாயின் திருப்பங்கள் முறையே 68, 58.9, 34, பூச்சியம் நியூற்றன் மீற்றர். பின்வரிசை மாணவன் காலினால் அறிந்திருந்ததை யாம் அன்றிரவு தாளிலே எழுதி அறிந்தோம்.

அப்படியாயின் மீற்றர்க்கோற் கணக்குகள் எல்லாம் எங்ஙனம் சரியாய் வந்தன? கிடையாக நிற்கும் கோலிலே நிறைகள் நேர்கீழாகத் தொங்குவதால் கோல்வழித் தூரமும் செங்குத்துத் தூரமும் ஒன்றே. சரி, கோல் சரிந்து நின்றால்? அப்பொழுது ஒவ்வொரு செங்குத்துத் தூரமும், கோல்வழித் தூரத்தை அச்சரிவுக் கோணத்தின் கோசைனாற் பெருக்கியதாகும். துலா 30 பாகை சரிந்து நிற்கும்போது 4 மீற்றர் 3.46 ஆகவும் கல்லின் 2 மீற்றர் 1.73 ஆகவும் குறையும். மிதிப்பவரின் 72 சதமமீற்றரும் அவ்விகிதப்படியே குறையும். இருபுறமும் ஒரே எண்ணாற் குறைவதால் சமன்பாடு கெடுவதில்லை. ஆகவே அச்சு மரத்தின் நடுக்கோட்டிலே செல்லும் துலா, கிடையிற் சமநிலையுற்றால் எந்தச் சரிவிலும் சமநிலையிலேயே நிற்கும். விட்ட இடத்தில் நிற்கும். இதனை நொதுமற் சமநிலை என்பர். விசைகள் யாவும் நிலைக்குத்தாய், கோல் நேராய் உள்ளவரையிற் பிழையான வரைவிலக்கணமும் சரியான விடையைத் தந்துகொண்டேயிருக்கும். நாம் கணக்குகளுக்குத் தேர்ந்தெடுப்பனவெல்லாம் அத்தகையனவே.

இப்பிழையிலே எமக்கு முன்னோர் உளர் என்பது சிறிது ஆறுதல். வளைந்த நெம்பிலே எண்ணவேண்டியது புயத்தின் நீளமன்று, பொறுதியினூடு செல்லும் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து நிறை விலகி நிற்கும் தூரமே என்பது, ஐரோப்பாவிலே 13 ஆம் நூற்றாண்டில் ஜோடானசு என்பாரின் பெயரால் வழங்கும் நூலிலேதான் நன்கு தெளிவாயிற்று.

துலாவைப் பற்றிச் சொன்னபின் தராசைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். துலா என்பதும் தராசைக் குறிக்கும் துலாம் என்பதும் ஒரு சொல்லின் இரு வடிவங்கள். ஆயினும் தராசு துலாவைப்போல் விட்ட இடத்தில் நின்றால் அதனால் ஒன்றையும் நிறுக்கமுடியாது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். தான் முதலிற் சமனாய் நின்று, பின்னர் நிறுத்தலே அதன் சிறப்பாக உரையாசிரியரும் கொண்டனர். அது சமனாய் நிற்பது எவ்வாறு? கோலின் புவியீர்ப்பு மையம் பொறுதிக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு அமைத்தலாலேயே. கோல் வலப்புறம் சாய்ந்தால் பொறுதியின் கீழுள்ள மையம் இடப்புறம், அதாவது உயர்ந்த பக்கத்துக்கு விலகும். அங்கே ஒரு செங்குத்துத் தூரம் புதிதாய்த் தோன்றும். சாய்வு கூடக் கூட அதுவும் கூடும். கோலின் நிறையே அதனைத் திருப்பிக் கிடைக்குக் கொண்டுவரும். மையம் மிகக் கீழே இருந்தால் தராசு விரைவிற் சமநிலைக்கு வரும், ஆயின் சிறு வேறுபாட்டைக் காட்டாது. மிக அருகிலிருந்தால் சிறு வேறுபாட்டையும் காட்டும், ஆயின் நெடுநேரம் ஆடும். பொன் நிறுக்கும் தராசைக் காற்றுப்படாமற் கண்ணாடிப் பெட்டியுள் வைத்திருப்பதைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர்.

புயங்கள் சமமில்லாத தராசிலே பொருளை இடத்தட்டில் வைத்தபோது 800 கிராமும் வலத்தட்டில் வைத்தபோது 1250 கிராமும் காட்டினால் உண்மைத் திணிவு யாது? மாணவர் கூட்டி இரண்டாற் பிரித்து 1025 என்பர். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும். விடை 1000 கிராம். இரண்டு சமன்பாடுகளை எழுதிப் பார்ப்பவர்க்குக் காரணம் தானே தோன்றும்.

மறுநாட் காலை வகுப்புக்குச் சென்று, கற்பித்தது பிழையென்று சொன்னோம். கேட்ட மாணவனின் பெயரைச் சொல்லி, அவனாலேயே அறிந்தோம் என்றும் சொன்னோம். வகுப்பு அதனை எளிதாகவே ஏற்றுக்கொண்டது. ஏற்க இயலாதது முந்திய ஆண்டு மாணவர் விடயம். அவர்கள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதிச் சென்றுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி பாடசாலைக்கு வந்திருந்தபோது, சுவரோடு பிணைச்சலிட்ட ஒரு கோலைப் பற்றிய கணக்கைத் தான் எவ்வாறு செய்தாள் என்று காட்டினாள். அதனையொத்த கணக்கை இங்கே தருகின்றோம். 1 மீற்றர் நீளமும் 20 நியூற்றன் நிறையும் உள்ள சீரான கோலொன்று ஒரு முனையிற் சுவரோடு பிணைச்சலிடப்பட்டுக் கிடையாக நிற்கிறது. மறுமுனையை, கோலோடு 30 பாகைக் கோணத்தில் மேலே சுவருக்குச் செல்லும் கயிறு தாங்குகிறது. கயிற்றின் இழுவை யாது? கோலின் நிறையால் வரும் திருப்பம் 20 ஐ 0.5 ஆற் பெருக்க 10 நியூற்றன் மீற்றர். கயிற்றின் தாக்கக்கோட்டுக்குப் பிணைச்சலிலிருந்து வரையும் செங்குத்துத் தூரம் 1 மீற்றரன்று. 30 பாகையின் சைன் 0.5 ஆதலால் அது 0.5 மீற்றர். எனவே இழுவை 20 நியூற்றன். எமது முறைப்படி செய்த அவள் 10 என்று எழுதியிருந்தாள். 15 நியூற்றன் தாங்கும் கயிற்றை நம்பிக் கட்டினால் கோல் விழுந்துவிடும். "சேர் சொன்ன மாதிரித்தான் செய்தனான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சரிதானே என்று கேட்கும் குரலிலேயே சொன்னாள். யாம் உண்மையைச் சொன்னோம். அவள் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்க விரும்பியிருந்தாள். சாதாரண தரத்திற் கிடைத்த விஞ்ஞானச் சித்தி அதற்குப் போதவில்லை. அந்த ஒரு கணக்கினாலேதான் போதாமற் போயிற்றென்று எவரும் சொல்லமுடியாது. போதாமைக்கும் அதற்கும் தொடர்பில்லையென்று சொல்ல எமக்கும் வாய் வரவில்லை.

அதன்பின் இப்பாடத்தை மீற்றர்க்கோலோடு தொடங்குவதை விட்டோம். எமது கல்லூரிக்கு மாற்றலாகி வந்தபின் தமிழ் மட்டுமே கற்பிக்கின்றோம். எனினும் விஞ்ஞான ஆசிரியர் வராத நாளிலே அவ்வகுப்புக்குச் செல்ல நேர்ந்தால், மாணவனொருவனை அழைத்து வகுப்பறைக் கதவின் கைபிடியிற் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொல்வோம். முதலிற் கதவுக்கு 90 பாகையில் இழுப்பான். பின்னர் சிறிது சிறிதாகச் சரித்து, ஈற்றிற் கயிறு பிணைச்சலை நோக்கியே செல்லுமாறு நின்று இழுப்பான். முழு வலிமையோடு இழுத்தும் கதவு அசையாது நிற்கும்போது, "செங்குத்து" என்னுஞ் சொல்லைக் கரும்பலகையில் எழுதுவோம். அதன் பக்கத்திலே "நிலைக்குத்து" என்பதையும் எழுதி, இரண்டுக்கும் படம் வரைவோம்.

இனி, 1991 இற் பெரியப்பா ஏசிய காரணம். துலாவின் நுனி கிடையிலிருந்து 30 பாகை உயர்ந்து நிற்க, நிறைந்த பட்டை மேலே வந்துள்ளது. கொடி நேராகத் தொங்குமாயின் அதன் தாக்கக்கோட்டுக்கு அச்சிலிருந்துள்ள செங்குத்துத் தூரம் 3.46 மீற்றர், 20 கிலோகிராம் நிறைக்குத் திருப்பம் ஏறத்தாழ 69. கிணற்றின் மறுகரையில் நிற்பவர் பட்டையைக் கிடையாகத் தம்பக்கம் இழுத்துக் கொடியை 20 பாகை வெளிப்புறம் சரித்தால், கொடி துலாவுக்கு 80 பாகையில் வந்துவிடும், தூரம் 3.94 மீற்றராகக் கூடும். கொடியின் இழுவையும் 20 இலிருந்து 21.3 ஆகக் கூடும். திருப்பம் ஏறத்தாழ 84. பட்டையிலே ஒரு துளி நீர்கூடச் சேரவில்லை. ஆயினும் மேலே நிற்பவர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடிய திருப்பத்தைச் சமன்செய்ய, மேலும் 34 சதமமீற்றர் பின்வாங்கவேண்டும். வழுக்கும் மரத்தின்மேல் வெறுங்காலோடு, கிணற்றை நோக்கியபடி பின்னே வைக்கும் 34 சதமமீற்றர் சிறிய அளவன்று.

கொடியை வெளிப்புறம் சரியாது அச்சை நோக்கி உட்புறம் 20 பாகை சரித்தால் மிதிப்பவர் எத்துணை தூரம் எப்பக்கம் நகரவேண்டும் என்பதை மாணவர் தாமே படம் வரைந்து கணிப்பாராக.